பூமணி ஏன் வெளியே ஓடினாள்

1

என்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்த தங்கத்தின் கடிதம் போன வாரம் கைக்குக் கிடைத்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருகோணமலைக்கு வர ஐந்து வாரம் எடுத்திருக்கிறது. யுத்த காலமல்லவா, உறையை யாரோ பிரித்துப் படித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். நடுவில் இரண்டு வரிகளைக் கத்தரித்தும் எடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவுக்கு என்ன ராணுவ ரகசியம் தெரிந்திருக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

என் மகள் கமலா அந்த ஓட்டையைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். "அம்மா, இதுக்குள்ளால உங்கட முகம் வடிவாத் தெரியுது" என்றாள். அவளுக்கு ஒன்பது வயது. நாகையில் பிறந்தவள் என்று சொன்னால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். அவள் என் அக்காவுக்கு எழுதும் கடிதத்துக்குக் கீழே, வடிவாய் என்றால் அழகாய், நன்றாய் என்று நான் அர்த்தம் எழுத வேண்டியிருக்கிறது.

வெட்டுப்படாத வரிகளில் தங்கம் எழுதியிருந்தாள்: "நாற்பத்தாறு பிள்ளைகள். நான் வாயைத் திறந்தால் அவர்களும் திறக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குரலே வருவதில்லை. இது எனக்குக் கைவராத வேலை, விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். பயிற்சிப் பள்ளியில் உன் வகுப்பைத்தானே எல்லோருக்கும் காட்டினார்கள்? நீ எப்படிச் சமாளிக்கிறாய்?"

நானும் விட்டுவிட இருந்தவள்தான் தங்கம். இரண்டு வருஷத்துக்கு முன், ஊருக்குப் போக அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதையை உனக்கு மட்டும் எழுதாமல், ஊரில் வகுப்பு நடத்தும் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கப்பல் பேர் ஒன்றும் இதில் வராது. கத்தரிக்கோலுக்கு வேலையில்லை.

2

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், என் கணவருக்குத் துறைமுகப் பண்டகசாலையில் குமாஸ்தா வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தோம். எனக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஆனால் என் சான்றிதழ் சென்னை ராஜதானியுடையது. அதை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். மொழிபெயர்த்து அனுப்பச் சொன்னார்கள், அதையும் அனுப்பினேன். பிறகு அசலைக் காணவில்லை என்றார்கள். பிறகு கிடைத்துவிட்டது, ஆனால் மொழிபெயர்ப்பைக் காணவில்லை என்றார்கள். இன்றைக்கும் நான் 'தற்காலிக ஆசிரியை'தான்.

தமிழ் தெரிந்தவளுக்குத் தமிழ் ஊரில் என்ன கஷ்டம் என்று நினைத்து வகுப்புக்குள் போனேன். முதல் நாளே சத்தம். "யாரும் பேசக் கூடாது!" என்று அதட்டினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "நாங்கள் ஒருத்தரையும் பேசேல்லை ரீச்சர்" என்றாள். பேசுவதென்றால் இங்கே திட்டுவது. நாம் பேசுவதற்கு இவர்கள் சொல்வது கதைப்பது. அது தெரியாமல் இன்னொரு நாள், "ரீச்சர், இவன் கதைக்கிறான்" என்று ஒருத்தி புகார் சொன்னபோது, "நல்லதுதானே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லட்டும்" என்றேன். வகுப்பு அன்று முழுதும் அடங்கவில்லை.

பிரம்பை எடுத்தேன். பிரம்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதத்தில் என் வகுப்பு நாகையில் இருந்ததைப் போலவே ஆகிவிட்டது. அங்கே, நினைவிருக்கிறதா தங்கம், மாதிரி வகுப்பில் சுவர்ப் பல்லி கத்தினால் கேட்கும். அதைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

3

சித்திரைப் புத்தாண்டுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஜப்பான் விமானங்கள் வந்தன. காலையில், பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்பே. துறைமுகத்திலும் விமானத் தளத்திலும் குண்டு விழுந்தது. சீனக்குடாவில் எண்ணெய் சேர்த்து வைக்கும் பெரிய தாங்கி ஒன்று தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. அன்று பின்னேரத்துக்குள் பட்டினம் பாதி காலி. வண்டியிலும் தலைச்சுமையிலும் சாமான்களை எடுத்துக்கொண்டு சனங்கள் காட்டுப் பக்கமும் வடக்கே கடற்கரை ஊர்களுக்கும் போனார்கள்.

எங்கள் பள்ளிக் கட்டடத்தைப் படைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, பட்டினத்துக்கு வடக்கே சாம்பல்தீவில் ஒரு கிடுகுக் கொட்டிலில் பள்ளிக்கூடம் மறுபடி தொடங்கியது. தென்னோலைக் கூரை, மணல் தரை, சுவரில்லை. என் கரும்பலகையைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தோம். இடாப்பில், அதாவது வருகைப் பதிவில், முப்பத்தெட்டுப் பேர். வந்தவர்கள் பதினாலு. உள்ளூர்ப் பிள்ளைகள் பாதி, பட்டினத்திலிருந்து ஓடி வந்தவர்கள் பாதி. கமலாவும் அதே கொட்டிலில் கீழ் வகுப்பில் இருந்தாள்.

பிள்ளைகளை அடக்குவது அங்கே நடக்காத காரியமாகிவிட்டது. விமானத் தளத்திலிருந்து எழும்பும் நம்முடைய விமானங்கள் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை தலைக்கு மேலே போகும். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பலகையை எறிந்துவிட்டுப் பனைக்கூடலுக்குள் ஓடுவார்கள். பொறுக்கிச் சேர்த்துக்கொண்டுவர அரை மணி நேரம் ஆகும். உட்கார்ந்து நாலு கணக்குப் போடுவதற்குள் அடுத்த விமானம். எல்லோரிலும் சத்தம் அதிகம் போடுபவன் ஹனிபா. அவன் தகப்பனார் பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். அவன் "வருது! வருது!" என்று கத்தினால் விமானமே இல்லாமலும் பாதி வகுப்பு எழுந்துவிடும்.

பூமணிக்குப் பத்து வயது. கண்டி வீதியில் கப்பல்துறையிலிருந்து வந்து இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதேயில்லை. மற்றவர்கள் ஓடுவதற்கு முன் ஓடுவாள். மற்றவர்கள் எல்லோரும் வந்த பிறகு கடைசியாக வருவாள். அதுவும் மெதுவாக, அண்ணாந்து பார்த்தபடியே.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. விமானம் வந்தது, ஓடினார்கள், வந்தார்கள். பூமணி மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு முறை கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. மூன்றாம் முறை வந்தாள். "கையை நீட்டு" என்றேன். நீட்டினாள். இரண்டு அடி. அழவில்லை. ஓலை இடுக்கு வழியாக மறுபடி மேலே பார்த்தாள். மூன்றாவதும் அடித்தேன். அதை ஏன் அடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இடைவேளையில் தலைமையாசிரியர் என்னிடம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குரல் உயர்த்தாத மனிதர்.

"ரீச்சர், உங்களுக்குத் தெரியாதுபோல. அந்தப் பிள்ளையின்ர தகப்பன் எண்ணெய்த் தாங்கியடியில வேலை செய்தவர். குண்டு விழுந்த அண்டைக்கு விடியப் போனவர்தான்."

அவ்வளவுதான் சொன்னார். நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். இரண்டு மாதம் பெயர் கூப்பிட்டிருக்கிறேன். அவளைப் பற்றி ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

மறுநாள் பூமணி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

4

அந்த வாரம்தான் எனக்கும் கமலாவுக்கும் ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வந்தது. குண்டு விழுந்த மறுவாரமே என் கணவர் விண்ணப்பம் போட்டிருந்தார். நாலு தடவை அரசாங்கக் கச்சேரிக்கு நடந்தார். புகைப்படம் பெரிதாக இருக்கிறது என்று ஒரு தடவை, சிறிதாக இருக்கிறது என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் முத்திரை குத்திய தாள் கைக்கு வந்தது. மாத முடிவுக்குள் தலைமன்னாரில் கப்பலேறிவிட வேண்டும்.

எனக்குப் பெரிய நிம்மதி. குண்டுக்குப் பயந்து போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வகுப்புக்குப் பயந்து போகிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து கொட்டிலுக்கு வெளியிலேயே நின்றாள். கருவாடு காயவைக்கும் வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். கையெல்லாம் மீன் செதில்.

"நான் பூமணியின்ர தாய், ரீச்சர்."

"உள்ளே வாருங்கள்" என்றேன். "அன்றைக்கு நான் அடித்தது..."

"அதுக்கு நான் வரேல்லை" என்றாள். "பிள்ளைக்குக் காய்ச்சல். அதுதான் மூண்டு நாளா அனுப்பேல்லை. இப்ப விட்டிட்டுது. நீங்கள் ஊருக்குப் போகப் போறியளாம் எண்டு சனம் கதைக்குது. மெய்தானோ?"

"ஆமாம். மாதக் கடைசியில்."

அவள் கையில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டினாள்.

"ரீச்சர், தகப்பன் போன நாளையில இருந்து இவள் வீட்டில ஒரு சொல்லும் கதைக்கிறாளில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். படுக்கச் சொன்னால் படுப்பாள். எனக்கு ஒண்டும் செய்ய ஏலாமல் கிடக்கு. ஆனால் பள்ளிக்கூட நாளெண்டால் நான் எழும்ப முன்னம் எழும்பி, தானே தலை இழுத்துப் பின்னிக்கொண்டு வாசலில நிக்கிறாள். அவள் தானாச் செய்யிற காரியம் அது ஒண்டுதான். காய்ச்சலோடையும் பின்னிக்கொண்டு நிண்டவள். நான்தான் பிடிச்சு வைச்சனான்."

"நான் அடித்த மறுநாளா?"

"ஓம். மற்ற நாளே." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கள் போனால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போடுவினம் எண்டு சொல்லுகினம். பிள்ளையள் குறைவாம், படிப்பிக்கவும் ஆளில்லையாம். நான் உங்களை நில்லுங்கோ எண்டு சொல்ல ஏலாது. உங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கு. சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்."

போய்விட்டாள்.

ஆறு வருஷம் நான் பெற்ற பாராட்டுகளில், மேலதிகாரிகள் என் வகுப்பின் அமைதியைப் பார்த்து எழுதிய குறிப்புகளில், அந்த அம்மாள் சொன்னதைப் போல ஒன்று இல்லை. என்னிடம் மூன்று அடி வாங்கிய பிள்ளை மறுநாள் காலை காய்ச்சலோடு தலை பின்னிக்கொண்டு நின்றிருக்கிறாள். எதற்காக என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளாமல் கப்பலேற மனம் வரவில்லை.

வீட்டில் என் கணவரிடம், "இந்த மாதம் போகவில்லை" என்றேன்.

"அடுத்த மாதம் இந்தச் சீட்டு செல்லாது" என்றார்.

"தெரியும்" என்றேன். கச்சேரிக்கு நாலு தடவை நடந்த மனிதர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

5

திங்கட்கிழமை பூமணி வந்தாள். அவளைத் தனியே கூப்பிட்டு, "அன்றைக்கு மூன்றாவது அடி அடித்தேனே, அது தப்பு" என்றேன்.

அவள் யோசித்தாள். "மூண்டும் நொந்தது ரீச்சர்" என்றாள்.

அவள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். வேறு என்ன சொல்வாள்!

"சரி, மூன்றும் தப்பு. விமானம் வந்தால் நீ ஓடிப் போய் என்ன பார்க்கிறாய்?"

"ஆற்றை பிளேன் எண்டு பாக்கிறனான்."

யாருடைய விமானம் என்று பார்க்கிறாள். மற்றப் பிள்ளைகள் ஒளிந்துகொள்ள ஓடும்போது இவள் ஒருத்தி பார்ப்பதற்காக ஓடியிருக்கிறாள். அந்தச் சத்தத்துக்கு நானும் பயந்தவள்தான். அண்ணாந்து பார்க்க ஒரு நாளும் எனக்குத் துணிவு வந்ததில்லை.

"இனிமேல் நான் உன்னோடு வருகிறேன். இரண்டு பேரும் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்வோம்" என்றேன்.

ஹனிபாவைக் கூப்பிட்டேன். "சத்தம் கேட்டால் எல்லோரையும் வரிசையாகப் பனைக்கூடலில் வெட்டியிருக்கிற பதுங்கு குழிக்குக் கூட்டிப் போவது உன் பொறுப்பு. ஓடக் கூடாது. தலை எண்ண வேண்டும். உன் குரல்தான் கடைசிப் பிள்ளைக்கும் கேட்கும்" என்றேன். அவன் குரலை ஒரு வாத்தியாரும் அதுவரை நல்லதென்று சொன்னதில்லை. முகம் சிவந்துவிட்டது.

அன்று முற்பகலிலேயே விமானம் வந்தது. ஹனிபா எண்ணத் தொடங்கினான். நானும் பூமணியும் கை பிடித்துக்கொண்டு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தோம்.

"ரீச்சர், உங்கட கை நடுங்குது" என்றாள்.

"ஓம்" என்றேன். ஆமாம் என்பதற்கு இவர்கள் சொல்லும் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் இறக்கையில் இருந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டாள். "எங்கட!" என்று கத்தினாள். மூன்று நிமிஷத்தில் எல்லோரும் கணக்குக்குத் திரும்பினார்கள்.

எல்லாம் அன்றே சீராகிவிட்டது என்று நினைக்காதே தங்கம். தலை எண்ணும் உத்தியோகத்துக்காகச் சண்டை வந்தது. முறை வைத்தோம். தண்ணீர்ப் பானைக்கு ஒருவர், பலகைகளுக்கு ஒருவர் என்று வேலைகள் பெருகின. வேலை கிடைத்த பிள்ளை மறுநாள் வராமலிருப்பதில்லை. பதினாலு பேர் இருபத்திரண்டானார்கள், பிறகு முப்பது. படைக்காரர்களுக்கு முட்டை விற்கப் போன இரண்டு பேர் மட்டும் கடைசிவரை வரவேயில்லை. அவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தும் தோற்றுத்தான் வந்தேன். பிரம்பை அதற்குப் பிறகு தொடவேயில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இரண்டு முறை தொட்டேன்.

6

மழைக்கு முன் பரிசோதகர் வந்தார். இப்படிப்பட்ட கொட்டில் பள்ளிகளில் எதை வைத்திருப்பது, எதை மூடுவது என்று அவர்தான் எழுத வேண்டும். வெள்ளைக் காற்சட்டை, கையில் தடித்த பதிவேடு. கதிரையில் உட்கார்ந்து இடாப்பைப் புரட்டினார். என் சான்றிதழின் மொழிபெயர்ப்பைக் கேட்டார். அது அவருடைய அலுவலகத்தில்தான் இருக்கிறது என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது விமானம் தாழப் பறந்து வந்தது. ஹனிபா எழுந்தான். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." வரிசை நகர்ந்தது. பூமணி வெளியே போனாள், நானும் போனேன். "எங்கட!" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தால் பரிசோதகரைக் கதிரையில் காணவில்லை. மேசைக்கு அடியில் முழங்காலில் இருந்தார்.

பூமணி குனிந்து, "எங்கட பிளேன்தான் ஐயா. பயப்பிடாதையுங்கோ. எழும்புங்கோ" என்றாள்.

கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் அப்படிப் பயந்து ஒளிந்தவர்கள்தானே. அவர் முழங்கால் மணலைத் தட்டிக்கொண்டு, "தாங்ஸ், மகள்" என்றார்.

அவருடைய அறிக்கை இரண்டு வாரம் கழித்து வந்தது. 'வகுப்பில் இரைச்சல் அதிகம். ஒழுங்கு போதாது. வரவு திருப்தி. பள்ளி தொடரலாம்.' தலைமையாசிரியர் அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். இரண்டாம் தரம் முதலிரண்டு வாக்கியத்தை விட்டுவிட்டார்.

7

பள்ளித் தவணை முடிகிற வாரம் கட்டுரை எழுதக் கொடுத்தேன். தலைப்பு 'காலை நேரம்'. எல்லா ஊரிலும் எல்லா வாத்தியார்களும் கொடுக்கிற தலைப்புத்தான். ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். சேவல் கூவியது, சூரியன் கடலிலிருந்து எழுந்தது, தோணிகள் கரைக்கு வந்தன. பின்னால் ஹனிபா எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். கீழ் வகுப்பில் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது.

பூமணி கேட்காமலே எழுந்தாள். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

"அன்று காலை அப்பா வேலைக்குப் போனார். நான் வாசல் படலையில் நின்று பார்த்தேன். அப்போது ஆகாய விமானங்கள் வந்தன. நிறைய வந்தன. வெயிலில் வெள்ளியாக மின்னின. மிகவும் வடிவாக இருந்தன. எங்கட விமானம் என்று நினைத்து நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவை அப்பா போன பக்கம் போயின. நான் கை காட்டியபடியால்தான் அவை வந்தன."

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். உட்காரவில்லை, நின்றுகொண்டேயிருந்தாள்.

கொட்டில் முழுதும் அமைதியாகிவிட்டது. கீழ் வகுப்பில் வாய்ப்பாடு நின்றது. நான் யாரையும் அடங்கச் சொல்லவில்லை. இத்தனை மாதமாக ஒவ்வொரு விமானத்துக்கும் அவள் ஏன் ஓடினாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும், அது ஆசிரியையின் கடமை. பயிற்சிப் பள்ளியில் படித்த எதுவும் வாயில் வரவில்லை.

ஹனிபாதான் முதலில் எழுந்தான்.

"நானும் கை காட்டினனான்" என்றான். அவன் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "கடைக் கூரையில ஏறி நிண்டு காட்டினனான். என்ர தொப்பியைக் கழட்டி ஆட்டினனான்."

"நானும்" என்றாள் ஒரு சாம்பல்தீவுப் பெண். "நானும் தம்பியும். கடற்கரையில நிண்டு."

"நானும், ரீச்சர்."

"நாங்கள் எல்லாரும் கை காட்டினாங்கள். எங்கட தெரு முழுக்க."

கீழ் வகுப்பிலிருந்து கமலா மணலில் ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததை மறந்துவிட்டாள். "அம்மா, நானும்" என்றாள். "நீங்கள் வந்து இழுக்க முன்னம் நானும் கிணத்தடியில நிண்டு கை காட்டினனான். சொன்னால் பேசுவியள் எண்டு சொல்லேல்லை." எட்டு மாதமாக அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறாள். அவளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டேன்.

அதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எங்கே நின்றார்கள், எந்தக் கையைக் காட்டினார்கள், எத்தனை விமானத்தை எண்ணினார்கள் என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சொன்னார்கள். பூமணி ஒவ்வொருவர் முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நீயுமோ?" என்று கேட்டாள். "நீயுமோ?" கொட்டிலின் அந்தக் கோடியிலிருந்து தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மணி அடிக்கும்வரை அவர்கள் கதைத்தார்கள். நான் மேசையில் தட்டவில்லை.